பூட்ஸுக்கு எண்ணெயா, கிரீமா, மெழுகா?

என் ஷூ அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு காலத்தில் 11 டப்பாக்கள் இருந்தன. சேடில் சோப்பு ஒன்று, எண்ணெய் இரண்டு, மூன்று நிறங்களில் பாலிஷ், தோலுக்கு எண்ணெய்ப் பசை ஊட்டும் ‘கண்டிஷனர்’ என்று எழுதிய பாட்டில் இரண்டு, தண்ணீர் ஒட்டாமலிருக்க ஒரு ஸ்பிரே, எதற்கு வாங்கினேன் என்றே மறந்துபோன இன்னும் இரண்டு. இன்றைக்கு அங்கே இருப்பது கண்டிஷனர் ஒன்று, ஷூ கிரீம் ஒன்று, தேன்மெழுகு டப்பா ஒன்று, இரண்டு பிரஷ், கிழிந்த பனியன் துணி. அவ்வளவுதான். பூட்ஸ்களோ முன்பைவிட நன்றாக இருக்கின்றன. இடையில் ஒரு நல்ல ஜோடியை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

தோல் பூட்ஸை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர் முதலில் மாட்டிக்கொள்வது இந்த டப்பாக்களின் நடுவில்தான். சுத்தம் செய்யும், ஊட்டம் தரும், பளபளக்க வைக்கும், நீரைத் தடுக்கும் என்று நான்கையும் ஒவ்வொரு டப்பாவும் ஒரே மூச்சில் சொல்கிறது. நான்கும் தனித்தனி வேலைகள். ஒன்றை நன்றாகச் செய்யும் பொருள் இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும். நீரை நன்றாகத் தடுக்கும் மெழுகு பளபளப்பை மங்கவைக்கும். அழுக்கை நன்றாக எடுக்கும் சோப்பு எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் ‘எது நல்லது’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் பூட்ஸ் எந்தத் தோல், அது எங்கே நடக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

ஒரு சொட்டுத் தண்ணீர்

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பதனிடும்போது அந்த இழைகள் அழுகாதபடி குரோமிய உப்பாலோ மரப்பட்டையிலிருந்து எடுக்கும் டானினாலோ நிலைப்படுத்துகிறார்கள். அப்புறம், காய்ந்தபின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துப் போகாமல் இருக்க எண்ணெய் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் விரல்களுக்குப் பின்னால் பூட்ஸ் மடிகிறது அல்லவா? அந்த மடிப்பில் இழைகள் வழுக்கிக்கொண்டு அசைவது அந்த எண்ணெயால்தான். அது வற்றினால் இழைகள் முறியத் தொடங்கும். முறிந்து வெடிப்பு விழுந்துவிட்டால் எந்தக் கண்டிஷனராலும் ஒட்டவைக்க முடியாது. வெடிப்பின் நிறத்தை வேண்டுமானால் மறைக்கலாம்.

உங்கள் பூட்ஸின் தோல் எப்படிப்பட்டது என்று பார்க்க எளிய வழி உண்டு. நாக்குப் பகுதியில், லேஸ் மறைக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக் கறுத்தால் அது மேற்பூச்சு இல்லாத தோல், அல்லது எண்ணெய் வற்றிய தோல். போடுவதெல்லாம் நேராக உள்ளே போகும், நிறமும் மாறும். சொட்டு உருண்டு அப்படியே நின்றால் மேலே பூச்சோ மெழுகோ இருக்கிறது. போடுவதில் கொஞ்சமே உள்ளே போகும்.

வழவழப்பான, ஒரே சீரான நிறமுள்ள பூட்ஸ்களில் பெரும்பாலானவை மேலே மெல்லிய நிறப்பூச்சு கொடுத்தவை. ஓரளவு முரட்டுத்தனத்தைத் தாங்கும். விரலால் அழுத்தி வளைத்தால் அந்த இடம் வெளுத்து, விட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்பும் தோல் ஒன்று உண்டு. புல்-அப் தோல் என்பார்கள். எண்ணெயும் மெழுகும் ஏற்கெனவே நிறைய ஏற்றப்பட்டது அது. அதில் கீறல் விழுந்தால் டப்பாவைத் தேடாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே பாதிக் கீறல் காணாமல் போகும். உள்ளே இருக்கும் மெழுகு நகர்ந்து வந்து மூடிவிடுகிறது. மேற்பரப்பு மென்மயிர் போலிருக்கும் நூபக், ஸ்வேட் இரண்டும் வேறு உலகம், தனியாகப் பார்ப்போம்.

செயற்கைத் தோலாக இருந்தால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி உங்களுக்கு வேண்டியதில்லை. அது பிளாஸ்டிக் படலம். உள்ளே எதுவும் போகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதற்குக் கண்டிஷனர் போடுவது பிளாஸ்டிக் வாளிக்கு எண்ணெய் தேய்ப்பது போல.

அழுக்கை எடுக்க நான்கு வழி

முதல் வழி பிரஷும் ஈரத்துணியும். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பூட்ஸின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு நிகரான எந்தத் திரவமும் எனக்குத் தெரியாது. மடிப்புகளுக்குள் மாட்டிய மணல்துகள் ஒவ்வொரு அடிக்கும் உப்புத்தாள் போலத் தோலை அராவிக்கொண்டே இருக்கும். மேல்தோலும் சோலும் சேரும் தையல் ஓரத்தில், வெல்ட் என்று சொல்லும் அந்தப் பட்டையில், மண் தேங்கினால் தையல் நூலையும் அறுக்கும். குதிரைமயிர் பிரஷ் மென்மையானது. தோலைக் கீறாமல் தூசியை மட்டும் எடுக்கும். நைலான் பிரஷ் சோலுக்கு. தையல் ஓரத்துக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்தான் சரி. லேஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் எவ்வளவு மண் இருக்கிறது என்று பார்த்தால் அடுத்த முறை நீங்களே கழற்றுவீர்கள். கழற்றிய லேஸைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பிரஷ் போட்டபின் நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைப்பது. என் கணக்கில் பத்தில் எட்டு முறைக்கு இத்தோடு வேலை முடிந்தது.

இரண்டாவது சேடில் சோப்பு. குதிரைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பயன்பட்டு வந்தது, அதனால் அந்தப் பெயர். சோப்போடு கொஞ்சம் எண்ணெயோ மெழுகோ கலந்திருப்பார்கள். இதற்கு ரசிகர்கள் அதிகம், நானும் ஒரு காலத்தில் மாதம் இருமுறை போட்டுத் தேய்த்தவன்தான். சிக்கல் என்னவென்றால், தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. சோப்போ காரம், சேடில் சோப்பின் பிஎச் சாதாரணமாக 9 முதல் 10 வரை போகும். எப்போதாவது ஒருமுறை என்றால் தோல் தாங்கிக்கொள்ளும். அடிக்கடி போட்டால் பதனிட்டவர் ஏற்றிய எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி வெளியே கொண்டுவந்துவிடும். சோப்பில் கலந்திருக்கும் சிறிதளவு எண்ணெய் அந்த இழப்பை ஈடுகட்டாது.

ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. சேற்றில் முங்கிய வேலை பூட்ஸ், வருடக்கணக்கில் பாலிஷ் ஏறி அடைபோல் படிந்த பூட்ஸ், இவற்றுக்கு ஈரத்துணி போதாது. போடும் முறைதான் முக்கியம்: ஈரப் பிரஷில் சோப்பைத் தேய்த்து நுரை வரவையுங்கள். தோல்மீது நுரை மட்டும்தான் போகவேண்டும், சோப்புக் கட்டி அல்ல. ஒரு பகுதி முடிந்ததும் உடனே ஈரத்துணியால் நுரையைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். முழுதாகக் காய்ந்தபின் கண்டிஷனர் போடாமல் விட்டால் சோப்பே போடாமல் இருந்திருக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை என்பது என் உச்சவரம்பு.

மூன்றாவது, தோலுக்கென்றே வரும் கிளீனர் லோஷன். சோப்பைவிட மென்மையானது; வெளிர்நிற பூட்ஸ்களுக்கு இதையே சொல்வேன். வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது வழி வீட்டில் கைக்குக் கிடைத்தது எல்லாம். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயைக் கரைப்பதற்கென்றே உருவானது. தோலில் நமக்கு வேண்டியதும் எண்ணெய்தான், ஆகவே அது வேண்டாம். பற்பசையில் அராவும் துகள்கள் இருக்கின்றன. நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் நிறப்பூச்சையே கழற்றிவிடும். குழந்தைகளுக்கான ஈர வைப் அவசரத்துக்கு ஒருமுறை பரவாயில்லை, பழக்கமாக வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் தன் இடத்தைச் சம்பாதித்திருக்கிறது: வினிகர். நனைந்து காய்ந்த பூட்ஸில் வெள்ளை வெள்ளையாக அலைபோல் கோடு விழுமே, அந்த உப்புக் கறைக்கு. சாலைப் பனியில் தூவிய உப்போ, கடல்நீரோ, நம் காலின் வியர்வையோ தோலுக்குள் கரைந்து போகிறது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகிறது. அதன்மேல் பாலிஷ் போட்டால் உப்பு உள்ளேயே அடைபடும், அடுத்த மழையில் திரும்ப எழுந்து வரும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் தொட்டுத் துடைக்கவேண்டும். கறை இருக்கும் புள்ளியை மட்டும் துடைத்தால் அந்த இடத்தில் வளையம் விழும். தையல் முதல் தையல் வரை அந்தத் துண்டுத் தோல் முழுவதையும் ஒரே சீராக ஈரமாக்குங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். பூச்சில்லாத தோலில் மறைவிடத்தில் சோதித்துப் பார்த்தபிறகே செய்யவேண்டும்.

எண்ணெய், கிரீம், மெழுகு

இனி அந்தக் கெட்டுப்போன ஜோடி. இளம் தேன்நிறத்தில், கணுக்காலுக்கு மேல்வரை வரும் பூட்ஸ். வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. மடிப்பில் லேசாக வறட்சி தெரிந்தது. ஒரு மாலை நீட்ஸ்ஃபுட் எண்ணெயை எடுத்துத் துணியில் ஊற்றித் தேய்த்தேன். தோல் குடித்தது. இன்னும் கொடுத்தேன், இன்னும் குடித்தது. தாகமாக இருக்கிறது போல என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. காலையில் பார்த்தால் தேன்நிறம் போய் அடுப்புக்கரி மாதிரி ஒரு பழுப்பு. ஒரு வாரத்தில் கொஞ்சம் வெளுத்தது, அதற்குமேல் நகரவில்லை. கணுக்கால் பகுதி துவண்டு சாக்குபோல் தொங்கியது. நூபக்கோ ஸ்வேடோ கூட அல்ல, நல்ல வழவழப்பான தோல்.

என் தவறு எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததா, அளவில் போனதா என்று பிறகு நிறைய யோசித்தேன். இரண்டும்தான். பூச்சில்லாத தோல் எண்ணெயை உறிஞ்சுவது தாகத்தால் அல்ல; பஞ்சு எதையும் உறிஞ்சுவது போல அது உறிஞ்சுகிறது. ‘குடிப்பதை நிறுத்தும்வரை கொடு’ என்ற அறிவுரையை எங்கே கேட்டாலும் நம்பாதீர்கள்.

நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மாட்டின் கால் எலும்புகளையும் பாதங்களையும் வேகவைத்து எடுப்பது. பழைய ஆங்கிலத்தில் நீட் என்றால் மாடு. உடலின் மற்றப் பகுதிக் கொழுப்பு குளிரில் உறைந்துவிடும். காலில் இருக்கும் கொழுப்பு குறைந்த சூட்டிலும் இளகியே இருக்கும். குளிரிலும் தோலுக்குள் எளிதாக ஊடுருவுவது அதனால்தான். மிங்க் எண்ணெய் மிங்க் என்னும் விலங்கின் கொழுப்பு. ரோமத்துக்காக அதை வளர்க்கும் தொழிலின் உபரி. இரண்டும் ஆழமாகப் போகும், நன்றாக மென்மையாக்கும், கண்டிப்பாகக் கறுக்கவைக்கும். கடினமான தடித்த தோலில் செய்த வேலை பூட்ஸ் விறைத்துப்போயிருந்தால் இவற்றுக்கு நிகர் இல்லை. வெளிர்நிறத்துக்கும், வடிவம் நிற்கவேண்டிய நேர்த்தியான பூட்ஸுக்கும் இவை எதிரி. எண்ணெய் ஊறிய தோலில் பாலிஷும் சரியாகப் பிடிக்காது, தூசியோ நன்றாகவே பிடிக்கும்.

சமையலறை எண்ணெய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும்; சூடான அறையில் போட்டு, குளிர்ந்த நாளில் வெளியே போனால் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்க வாய்ப்புண்டு. ஆலிவ், சூரியகாந்தி போன்றவை காற்றுப் பட்டுச் சிக்குவாடை அடிக்கும், பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம். அது காற்றில் இறுகிக் கெட்டியாகும் எண்ணெய். பெயிண்டில் கலப்பதே அந்தக் குணத்துக்காக. தோலை மென்மையாக்க நினைத்துப் போட்டு பலகையாக்கிக்கொள்வதில் என்ன பயன்?

கிரீம் வகைக் கண்டிஷனர் என்பது தண்ணீரில் எண்ணெயும் கொஞ்சம் மெழுகும் பிரியாமல் கலந்த குழம்பு. பலவற்றில் ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லனோலினும் இருக்கும். ஆழத்தில் எண்ணெய்க்கு ஈடாகாது, நீர்த்தடுப்பில் மெழுகுக்கு ஈடாகாது. இரண்டிலும் இரண்டாமிடம். ஆனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் பூட்ஸைக் கெடுக்காது. நிறத்தையும் பெரிதாக மாற்றாது. தோலில் கை பழகாதவருக்கு இந்தக் குணம் மற்ற இரண்டையும்விடப் பெரியது என்பேன். ஒரு காலுக்குப் பட்டாணி அளவு எடுத்துத் துணியில் பரப்பி, மடிப்புகளில் கொஞ்சம் கூடுதலாகவும் மற்ற இடத்தில் மெல்லியதாகவும் தேய்த்து, 15, 20 நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்து, பிரஷ் போட்டு முடிக்கலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் போடும் பூட்ஸுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கணக்கு வைக்க வேண்டியதில்லை. மடிப்பு மங்கலாகவும் தொட்டால் சொரசொரப்பாகவும் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

மெழுகு வகை டப்பாக்களில் பெரும்பங்கு தேன்மெழுகு, கூடவே ஏதாவது எண்ணெய். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், அதனால் வெயிலில் நடந்தாலும் கரைந்து ஓடாது. மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் தங்கித் தண்ணீரைத் தடுக்கிறது. மழையிலும் புல்வெளியிலும் சேற்றிலும் நடக்கும் பூட்ஸுக்கு இதுதான் முதல் தேர்வு. விலையாகக் கொடுப்பவை மூன்று: நிறம் ஒரு படி கறுக்கும், பளபளப்பு போய் மங்கலாகும், தோல் மூச்சுவிடுவது குறையும். உள்ளே நீர்புகாச் சவ்வு வைத்துத் தைத்த மலையேற்ற பூட்ஸ்களில் அந்த மூன்றாவது விலை அதிகம். கால் வியர்வை ஆவியாக வெளியேறத்தான் அந்தச் சவ்வு; வெளித்தோலை மெழுகால் அடைத்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்ட பூட்ஸ் தைப்பவர்கள் பலரும் தண்ணீர் அடிப்படையிலான கண்டிஷனரையே போடச் சொல்கிறார்கள்.

மெழுகு உள்ளே இறங்க ஹேர் ட்ரையரால் சூடுகாட்டச் சொல்வார்கள். நான் காட்டுவதில்லை. விரலாலேயே தேய்த்தால் உள்ளங்கைச் சூட்டுக்கே மெழுகு இளகும், தையல் துளைகளுக்குள்ளும் போகும். கை கொஞ்சம் நாறும், அவ்வளவுதான்.

பளபளப்பு வேண்டுமா?

வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பாலிஷ் போடாத பூட்ஸ் சீக்கிரம் பழுதாகும் என்று எதுவும் இல்லை.

வேண்டும் என்றால் ஷூ கிரீம், மெழுகுப் பாலிஷ் என்று இரண்டு. கிரீமில் நிறப்பொருள் அதிகம், மெழுகு குறைவு. தேய்ந்த மூக்கும் உரசிய குதிகாலும் நிறம் பெறுவது கிரீமால்தான். மெழுகுப் பாலிஷ் நிறத்தைவிட மினுக்குக்கு. அதில் சேரும் கார்னோபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து வருவது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி, இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமான ஒன்று. கண்ணாடி மாதிரி மினுங்குவதன் ரகசியம் அந்தக் கடினம். விரிசல் விடுவதன் காரணமும் அதுவே. அசையாத இடங்களான விரல்முனையிலும் குதிகாலிலும் மெல்லிய அடுக்கு அடுக்காக, நடுவில் ஒரு துளித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். மடியும் இடத்தில் அதே வித்தையைக் காட்டினால் நான்கு அடி நடப்பதற்குள் வெள்ளைப் பொருக்காக உதிரும்.

தகர டப்பாப் பாலிஷ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் கிவி, 1906இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வில்லியம் ராம்சே தொடங்கியது. அவர் மனைவி நியூசிலாந்துக்காரர், அதனால் அந்த ஊர்ப் பறவையின் பெயர். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. சிப்பாய்க்கு வேண்டியது மினுக்கும் நிறமும். தோலுக்கு ஊட்டம் தருவது அந்த டப்பாவின் வேலையாக இருந்ததில்லை. பாலிஷ் போட்டுவிட்டேன், ஆகவே பராமரித்துவிட்டேன் என்று நினைப்பதில் உள்ள பிழை இதுதான். கண்டிஷனர் முதலில், அது உள்ளே இறங்கியபின் கிரீம், வேண்டுமென்றால் கடைசியில் மெழுகு. வரிசையை மாற்றினால் மெழுகு வாசலை அடைத்துக்கொள்ளும், கண்டிஷனர் வெளியே நிற்கும்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிரீமை வாங்குங்கள்.

பஞ்சு முனையோடு வரும் ‘உடனடி மினுக்கு’ திரவங்கள் தோல்மேல் ஒரு படலத்தை ஒட்டுகின்றன. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் ஐந்து நிமிடத்தில் கைகொடுக்கும். வாரம் தவறாமல் போட்டால் படலம்மேல் படலம் ஏறி மடிப்பில் வெடிக்கும். எடுக்கவும் சேடில் சோப்புதான் வேண்டியிருக்கும்.

நூபக், ஸ்வேட்

நூபக் என்பது தோலின் வெளிப்பக்கத்தை லேசாக அராவி மென்பரப்பாக்கியது. ஸ்வேட் உட்பக்கத்துத் தோல். இரண்டுக்கும் மேலே சொன்ன எண்ணெய், கிரீம், மெழுகு மூன்றும் ஆகாது. போட்ட இடத்தில் மயிர் படிந்து, கறுத்து, வழவழப்பாகி அப்படியே நின்றுவிடும். சேறு பட்டால் தொடாமல் காயவிடுங்கள். ஈரத்தில் துடைத்தால் உள்ளே தேய்த்ததுபோல் ஆகும். காய்ந்தபின் ரப்பர் பிரஷால் ஒரே திசையில் தட்டித் தேய்த்தால் பெரும்பகுதி உதிரும். மிச்சக் கறைக்கு ஸ்வேட் அழிப்பான். பித்தளைக் கம்பிப் பிரஷ் ஸ்வேடுக்கு மட்டும், அதுவும் லேசாக, நூபக்கைச் சுரண்டிவிடும்.

நீர்த்தடுப்பு ஸ்பிரே என்ற பொருளுக்கு நான் மனதார ஒப்புதல் தருவது இங்கே மட்டும்தான். ஸ்பிரேயில் வருபவை பெரும்பாலும் சிலிகோனோ ஃப்ளோரின் சேர்மங்களோ. ஃப்ளோரின் வகையில் பல, இயற்கையில் சிதையாமல் தங்கிவிடுபவை என்பதால் உற்பத்தியாளர்கள் அவற்றைக் கைவிட்டு வருகிறார்கள். அது இல்லாததைப் பார்த்து வாங்கலாம். எதுவானாலும் திறந்த வெளியில் அடியுங்கள், மூச்சில் போகவேண்டிய பொருள் அல்ல.

நனைந்து வந்த இரவு

எந்த டப்பா என்ற கேள்வியைவிட பூட்ஸின் விதியைத் தீர்மானிப்பது, நனைந்து வந்த இரவில் அதை எங்கே வைத்தீர்கள் என்பதுதான். ஹீட்டர் முன்னால், அடுப்புப் பக்கம், உச்சி வெயிலில், ஹேர் ட்ரையரின் கீழே என்று அவசரக்காரர்களுக்கு நான்கு வழிகள். நான்கும் தவறு. காய்ந்த தோல் தாங்கும் சூட்டை நனைந்த தோல் தாங்காது. தாவர டானினால் பதனிட்ட தோல் நனைந்த நிலையில் ஏறக்குறைய 70 முதல் 85 டிகிரியிலேயே சுருங்கிவிடும். குரோம் பதனிட்டது 100 டிகிரி அளவுக்குத் தாங்கும். சுருங்கிய கொலாஜன் திரும்ப நீளாது. அந்தச் சூட்டை எட்டாவிட்டாலும் வேகமாகக் காயும் தோல் விறைத்துப்போகும், சோலை ஒட்டிய பசையும் இளகும்.

உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். முதல் சுருட்டை ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், பிறகு படுக்கப்போகும்முன் ஒருமுறை. உள்ளே பாதம் படும் அட்டையான இன்சோல் கழற்ற வருமென்றால் கழற்றித் தனியாகக் காயவிடுங்கள். பூட்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சோலும் காற்று வாங்கும். சாதாரண மின்விசிறிக் காற்று தாராளமாக ஆகும். ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், பொறுமைதான் வேண்டும்.

ஷூ ட்ரீ எனப்படும் மர அச்சு செய்தித்தாளுக்குப் பதிலாகுமா? ஆகாது, அது அடுத்த கட்டம். சீடர் மர அச்சு மிச்ச ஈரத்தையும் வியர்வை வாடையையும் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் அதன் உண்மையான பயன் மடிப்பை நீட்டிப் பிடிப்பது. முக்கால்வாசி காய்ந்தபின் போட்டால் பூட்ஸ் தன் வடிவத்தில் காயும். தினமும் ஒரே ஜோடியைப் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட முடிந்தால் அது எந்தக் கண்டிஷனரையும் விட மேல்.

காய்ந்ததை அலமாரியில் வைத்து, இரண்டு மாதம் கழித்து எடுக்கும்போது வெள்ளையாக ஏதோ படிந்திருந்தால் உடனே பூஞ்சை என்று பதறாதீர்கள். எண்ணெயிலும் மெழுகிலும் உள்ள கொழுப்பமிலங்கள் குளிரில் மேற்பரப்புக்கு வந்து படிகமாவதும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். ஹேர் ட்ரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துச் சில நொடி காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. துணியால் துடைத்தால் தீர்ந்தது. மறையாமல் பஞ்சுபோலவே இருந்து, மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சை. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் பிரஷால் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு, உள்ளும் புறமும் துடைத்துக் காயவிடவேண்டும். முதலில் மறைவிடத்தில் சோதனை, ஏனென்றால் ஆல்கஹால் சில சாயங்களைக் கரைக்கும். பிறகு கண்டிஷனர். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் இடத்தில் பூஞ்சை திரும்ப வரும். பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பது.

பத்திரமாக இருக்கட்டும் என்று போடாமலே வைப்பதும் எப்போதும் நன்மை தராது. பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கில் நடுச்சோல் கொண்ட பூட்ஸ்கள் காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதைகின்றன. சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால் தோல் புதிதாக இருக்கும், சோல் கேக் மாதிரி பொடியும். இதற்கு மருந்து எதுவும் டப்பாவில் வருவதில்லை.

என்ன வாங்குவது

அலுவலகத்துக்கும் வெளியே போகவும் போடும் வழவழப்பான பூட்ஸ் என்றால் குதிரைமயிர் பிரஷ், கிரீம் வகைக் கண்டிஷனர், பூட்ஸின் நிறத்துக்கு ஒரு படி வெளிறிய ஷூ கிரீம். ஒரு படி கறுத்ததை வாங்கினால் மடிப்புகளில் நிறம் தேங்கிக் கோடு போடும். வேலைத்தளத்திலோ வயலிலோ உழைக்கும் பூட்ஸ் என்றால் ஷூ கிரீமையும் பாலிஷையும் விட்டுவிட்டு மெழுகு டப்பாவும் சேடில் சோப்பும், சோப்புக்குப் பின் போடக் கண்டிஷனரும் போதும்; விறைத்தால் மட்டும் எண்ணெய், அதுவும் துணியில் நனைத்து அல்ல, தொட்டு. மலையேற்ற பூட்ஸில் சவ்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தண்ணீர் அடிப்படைக் கண்டிஷனர், இல்லையென்றால் மெழுகு. புல்-அப் தோலுக்குப் பிரஷும் கட்டைவிரலும், எப்போதாவது கொஞ்சம் கண்டிஷனர். நூபக், ஸ்வேட் வைத்திருப்பவர் இந்த டப்பாக்கள் பக்கமே போகாமல் ரப்பர் பிரஷும் அழிப்பானும் ஸ்பிரேயும் வாங்கலாம்.

தையல் பிரிந்தாலோ சோல் வாய் பிளந்தாலோ நாமே பசை போட்டு ஒட்டாமல் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டில் போட்ட பசை அவர் வேலையை இரட்டிப்பாக்கும்.

அந்தக் கறுத்துப்போன ஜோடியை நான் தூக்கிப்போடவில்லை. மழை நாட்களுக்கு இப்போது அதுதான். அதன்மேல் மெழுகை நிறம் மாறுமோ என்ற கவலையே இல்லாமல் அள்ளிப் பூசுகிறேன்; தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது.